நான்காவது ஆள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் இருப்பதை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒருவர். நோயைத் தீர்க்கும் மருத்துவர் இரண்டாமவர். மூன்றாவது மருந்து. நான்காவதாக, பக்கத்தில் இருந்து அந்த மருந்தைக் கொடுக்கிற ஆள். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்த நாளில் இந்த நான்காவது ஆள் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மருத்துவர் சீட்டு எழுதுகிறார், மருந்து கிடைக்கிறது, நோயாளி விழுங்குகிறார். இடையில் இன்னொருவருக்கு என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்த வேலை என்ன என்பது எங்கள் வீட்டில்தான் எனக்குத் தெரிய வந்தது. வீட்டுக் கதையைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் ஏழைகளுக்கு உதவும் திட்டங்களைப் பற்றி நம் பேச்சுப் போட்டிகளிலும் பட்டிமன்றங்களிலும் எவ்வளவோ பேசுகிறோம். எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதே அந்தப் பேச்சாக இருக்கிறது. அந்த உதவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிற மனிதர் யார், அவர் எப்படிப் பேசுகிறார், அடுத்த மாதமும் அவரே வருவாரா என்று யாரும் கேட்பதில்லை. மிகவும் நொந்துபோன குடும்பங்களுக்கு வாழ்வும் சாவும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. காசநோயை வைத்தே அதைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதலில் நம் பாடத்திலிருந்து கொஞ்சம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் உலகுக்கு அறிவித்தார். இந்தக் கிருமி மிகவும் மந்தமானது. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் தேவை. அதிலும் சில கிருமிகள் உறங்குவதுபோல் அசையாமல் கிடக்கும். சுறுசுறுப்பாகப் பெருகுகிறவற்றை மருந்து சில வாரங்களில் கொன்றுவிடுகிறது. உறங்குகிறவை தப்பிப் பிழைத்து, மருந்து நின்ற பிறகு எழுந்து வரும். அதனால்தான் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதங்கள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் மாதம் முடிவதற்குள் காய்ச்சல் போய்விடுகிறது. இருமல் அடங்கி, பசி திரும்பி, உடம்பில் சதை பிடிக்கத் தொடங்குகிறது. ‘உனக்குக் குணமாகிவிட்டது’ என்று உடம்பே சொல்லுகிறது. ‘இல்லை, இன்னும் நான்கு மாதம் இருக்கிறது’ என்று புத்தகம் சொல்லுகிறது. மாத்திரையோ வயிற்றைப் புரட்டுகிறது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாத மனிதர் இந்த இரண்டில் எதை நம்புவார்? அந்த நான்கு மாத இடைவெளியை எந்த மருந்தாலும் நிரப்ப முடியாது. நம்பத் தகுந்த ஓர் ஆள் வந்து நின்றால்தான் அது நிரம்பும்.

என் அப்பா கல்குவாரியில் பாறைக்குத் துளை போடும் வேலை செய்தவர். பாறைத்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். 2019 ஜூன் மாதம், நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில், அவருக்கு நோய் இருப்பது சளிப் பரிசோதனையில் தெரிந்தது. அடுத்த வாரமே காசநோய்ப் பிரிவிலிருந்து ஓர் அக்கா ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே வந்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிச் சொம்பை நீட்டினார். அந்த அக்கா வாய் வைத்தே குடித்தார்.

எங்கள் தெருவுக்கு வருகிற உத்தியோகஸ்தர்கள் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டு வருவார்கள். பாத்திரம் வழியாகக் காசநோய் பரவாது என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது. அன்று தெரிந்துகொண்டது. அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதை இந்த மலரைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் அப்பாவிடம் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “அண்ணே, நாளையிலேர்ந்து மூத்திரம் செவப்பா போகும். அது ரத்தம் இல்ல, மாத்திரையோட சாயம். பயந்துபோய் நிறுத்திடாதீங்க” என்றார். ரிஃபாம்பிசினின் குணம் அது. முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் அப்பா மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பார். குடிப்பழக்கத்தைப் பற்றியும் கேட்டார். ‘குடிக்கக் கூடாது’ என்று ஆரம்பிக்கவில்லை. “எத்தன நாளைக்கு ஒரு தடவண்ணே, எவ்வளவு?” என்றுதான் கேட்டார். அப்பா வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அரசு ஊழியரிடம் உண்மையைச் சொன்னார். “மாத்திரையும் அதுவும் சேர்ந்தா ஈரல் போயிடும். ஆறு மாசம் தள்ளிப் போடுங்க, அப்புறமா பேசிக்கலாம்” என்றார் அந்த அக்கா. அப்பா சிரித்துவிட்டார். அடியோடு விட்டார் என்று பொய் எழுத மாட்டேன். வெகுவாகக் குறைத்துக்கொண்டார்.

குவாரியில் அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடியாத நிலை. அந்த அக்கா மேஸ்திரியைத் தேடிப் போய்ப் பேசி, இரண்டு மாதத்துக்குத் துளை போடும் வேலையிலிருந்து மாற்றி, லாரிக்கு நடை எழுதும் இடத்தில் உட்கார வைத்தார். இது அவருடைய கடமைப் பட்டியலில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் அப்பா ஐந்து கிலோ ஏறினார்.

செப்டம்பரில் அந்த அக்காவை வேறு ஒன்றியத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக ஒருவர் வந்தார். வந்தார் என்று சொல்வதைவிட, போன் செய்தார் என்பதே சரி. ஒரே ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வந்து தெருமுனையில் நின்றுகொண்டு, “யோவ், மாத்திரை போடுறியா இல்லையா? செத்துப் போனா எங்க தலையில எழுதுவாங்க” என்று கத்தினார். எந்த வீட்டில் என்ன நோய் என்று அன்றைக்குத் தெருவே அறிந்தது. அப்பா பதில் பேசவில்லை. உடம்பு தேறிவிட்டதாக அவருக்கு ஏற்கெனவே ஒரு நினைப்பு. அதோடு அவமானமும் சேர்ந்துகொண்டது.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கண்டுபிடிக்க அப்போது ஒரு வழி வைத்திருந்தார்கள். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கினால் அதன் பின்னால் மறைந்திருக்கும் ஒரு தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ‘மிஸ்டு கால்’ கொடுத்தால், அன்றைய மாத்திரை சாப்பிட்டாயிற்று என்று கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். எங்கள் வீட்டில் போன் என் கையில்தான் இருக்கும். “நம்பர அடிச்சு விடு” என்பார் அப்பா. நான் அடிப்பேன். அவர் மாத்திரையை விழுங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடித்தேன். பதினான்கு வயதில் அப்பா சொல்வதைக் கேட்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்குப்படி அப்பா ஒரு நாள்கூடத் தவறாத நோயாளி.

2020 போகியன்று வீட்டை ஒழுங்கு செய்தபோது பரண்மேல் இருந்த பிஸ்கட் டப்பாவில் பிதுக்கிய மாத்திரைகள் கைநிறையக் கிடந்தன. அம்மா அதை என் முன்னால் கொட்டி, ஒன்றும் பேசாமல் நின்றார். மாட்டுப் பொங்கலன்று காலையில் அப்பா ரத்தமாக இருமினார்.

இவ்வளவையும் அந்தப் புதிய ஊழியர்மேல் பழி போடுவதற்காக நான் எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஒப்பந்த வேலை, பக்கத்துப் பகுதியில் ஆள் இல்லாததால் அதையும் சேர்த்துப் பார்த்தார், மாதக் கூட்டத்தில் எண்ணிக்கை குறைந்தால் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டுவார்களாம். “எனக்கு உங்க அப்பா முகமே ஞாபகம் இல்ல தம்பி. நம்பர்தான் ஞாபகம்” என்றார். அவர் அதை ஒளிக்காமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அவரை நடத்திய மாதிரியே அவர் எங்களை நடத்தினார்.

இனி, இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும்தானா என்ற கேள்வி வரும். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் சொல்லி நான் படித்த செய்தி ஒன்று உண்டு. நம் சென்னையில் நடந்தது அது. தமிழ் படித்தவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. நானோ இருபது வயது வரை அறியவில்லை.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் தொடங்கினார். அந்தப் பெயரில் இன்றும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். நகரத்தின் ஏழைப் பகுதிகளில் இருந்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துப் பாதிப்பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள்; மீதிப் பாதிப்பேரை அவரவர் வீட்டிலேயே இருக்க வைத்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம்.

வீட்டில் இருந்தவர்களின் நிலை என்ன? ஒரே அறையில் குடும்பம் முழுவதும். சானடோரியத்துச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் அவர்கள் சாப்பிட்டது மிகவும் எளிய உணவு. ஓய்வும் இல்லை, பலர் வேலைக்குப் போனார்கள். முடிவு 1959-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம். வீட்டில் 86 சதவிகிதம். பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். ஐந்தாண்டு கவனித்துப் பார்த்தும், நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

‘நல்ல மருந்து இருந்தால் போதும், படுக்கை வேண்டாம்’ என்பதையே எல்லோரும் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது பாதி உண்மை என்பேன். வீட்டில் இருந்த நோயாளிகளை அந்த மையம் வெறும் மாத்திரைப் பொட்டலத்தோடு அனுப்பிவிடவில்லை. நோயாளிகள் வாரம்தோறும் மையத்துக்கு வந்தார்கள். செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் அந்தச் சந்துகளைத் தேடிப் போனார்கள். சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். படுக்கையைக் கைவிட்டாலும் நான்காவது ஆளை அவர்கள் கைவிடவில்லை. பின்னால் வந்தவர்கள் மருந்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கால் நடையைச் செலவு என்று கழித்துவிட்டார்கள். வாலஸ் ஃபாக்ஸே 1958-ல் மாத்திரையை நோயாளி தானாக ஒழுங்காகச் சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். என் பிஸ்கட் டப்பாவை அவர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்.

பிறகு வேறொரு வழி வந்தது. நோயாளி ஒருவர் முன்னிலையில்தான் மாத்திரையை விழுங்க வேண்டும். ‘டாட்ஸ்’ என்ற பெயரில் இது உலகமெல்லாம் பரவியது. நம் நாட்டில் 1997 முதல் தேசியத் திட்டமாக நடந்தது. நல்ல யோசனைதான், இதனால் பிழைத்தவர்கள் பல லட்சம் பேர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘பார்த்துக்கொள்வது’ வேறு, ‘வேவு பார்ப்பது’ வேறு. தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பகுதியில் 216 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று 1998-ல் வெளியானது. மருத்துவமனையில் செவிலியர் கண் முன்னால் விழுங்கியவர்களைவிட, தாமாகவே வீட்டில் சாப்பிட்டவர்கள் எவ்விதத்திலும் குறைந்துபோகவில்லை. முன்பே ஒருமுறை சிகிச்சை பெற்றவர்களிடையே, தாமாகச் சாப்பிட்டவர்களே நன்றாகத் தேறினார்கள். அதிகாரத்தோடு கண்காணிப்பதைவிட, ஆதரவான உறவே குணத்தைக் கூட்டும் என்று தோன்றுவதாக அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாகிஸ்தானில் 497 பேரிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. சுகாதார ஊழியர் பார்க்க விழுங்கியவர்களில் 64 சதவிகிதமும், குடும்பத்தார் பார்க்க விழுங்கியவர்களில் 55 சதவிகிதமும், யாரும் பார்க்காமல் விழுங்கியவர்களில் 62 சதவிகிதமும் குணமடைந்தனர். கண்ணால் பார்ப்பதில் மட்டும் மந்திரம் ஏதும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விடுதி அறையில் என் நண்பன் ஒருவனே இதைச் சொன்னான். “ஏழைக்கு வேண்டியது சோறும் காசும்டா. அன்பான பேச்செல்லாம் வயிறு நிறைந்தவனுக்கு” என்றான். எங்கள் இருவர் வீட்டிலும் ரேஷன் அரிசிதான். ஆகவே அவன் பேச்சை நான் அலட்சியம் செய்ய முடியாது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கும் சத்துள்ள உணவுப் பொருள்கள் கொடுத்தபோது, அந்தக் குடும்பத்தில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது. அரசும் 2018 முதல் நோயாளியின் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சோறு வேண்டாம் என்று சொல்கிறவன் மூடன்.

ஆனால் சோறும் ஓர் ஆள் கையால்தானே வருகிறது? ஹெய்ட்டி நாட்டின் மலைக் கிராமங்களில் 1989, 1990 ஆண்டுகளில் டாக்டர் பால் ஃபார்மர் செய்ததை நண்பனிடம் சொன்னேன். ஒரு சாராருக்கு இலவச மருந்து மட்டும். இன்னொரு சாராருக்கு இலவச மருந்தோடு சிறிது பணம், உணவு, நாள்தோறும் வீட்டுக்கு வரும் சம்பள ஊழியர் ஒருவர். இரண்டாம் சாரார் எல்லோரும் குணமடைந்தனர். முதல் சாராரில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான். நோய்க்குச் சூனியமே காரணம் என்று நம்பியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். மருந்து சாப்பிட்டதற்கும் அந்த நம்பிக்கைக்கும் தொடர்பே இல்லை. ‘படிக்காத சனங்கள், சொன்னால் கேட்பதில்லை’ என்று பேசுகிறவர்களுக்கு இது நல்ல பதில். அங்கே பணமும் உணவும் ஆளும் பிரிக்க முடியாமல் சேர்ந்து வந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதமும் அதுவேதான். பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் பார்த்தேன். ஊட்டச்சத்துப் பை கொடுக்கிறோம் என்று ஒரு முறை நோயாளிகளை மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அடுத்த மாதம் அப்பா போகவில்லை. பருப்பும் கடலையும் தேவைப்படாததால் அல்ல.

சிகிச்சையை நிறுத்தியவர்களை முன்பெல்லாம் ‘டிஃபால்ட்டர்’, அதாவது தவணை தவறியவர், என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அது நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறது என்று உணர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2013-ல் அந்தச் சொல்லை மாற்றியது. ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்பதுபோல் பொருள்படும் சொல் வந்தது. நல்ல மாற்றம். ஆனால் எங்கள் வீட்டில் தொடர்பை விட்டது யார்? அப்பா எங்கும் போகவில்லை. அதே வீட்டில், அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். விட்டுப்போனது மற்றவர்கள்தான்.

அரசுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கலாம் அல்லவா? ஒரு காசநோய்ப் பிரிவின் மேற்பார்வையாளர் ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்களைப் பார்க்க வேண்டும். அந்தப் பதவியும் ஒப்பந்தப் பதவி. ஆண்டுக்கு ஆண்டு வேலை நிலைக்குமா என்று தெரியாதவர், ஆறு மாதம் பொறுமையாக இருங்கள் என்று இன்னொருவரிடம் எந்த முகத்தோடு சொல்வார்? அந்தப் பணியை நிரந்தரமாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, பாதிச் சிகிச்சையில் இருக்கும் நோயாளிகளைப் பழையவர் புதியவரிடம் வீடு வீடாக அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிட்டுத்தான் இடம் மாற வேண்டும் என்று ஒரு விதி செய்தால் போதும். கடைசியாகச் சொன்னதற்குப் பெட்ரோல் செலவைத் தவிர வேறு செலவில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதற்கு நம்பிக்கை தருகிறது. நோயாளியின் எடை, மூச்சு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை முதல் நாளே களப் பணியாளர் பார்த்து, மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார். விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படவில்லை. எதிரே நிற்பவரைக் கவனித்துப் பார்க்கும் ஓர் ஆள்தான் தேவைப்பட்டார்.

மாணவ நண்பர்களே, இதை நான் நமக்காகவும் எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் பட்டம் பெற்றதும் தேர்வாணையத் தேர்வு எழுதப் போகிறவர்கள். கிராம நிர்வாக அலுவலகம், ஆய்வுக்கூடம், சுகாதாரத் துறை, கூட்டுறவுச் சங்கம் என்று எங்காவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் பெரும்பாலும் நம் அப்பா மாதிரியோ அம்மா மாதிரியோதான் இருப்பார். அன்றைக்கு நாம் “யோவ்” என்று ஆரம்பிக்கப் போகிறோமா, “அண்ணே” என்று ஆரம்பிக்கப் போகிறோமா? நம் வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக நாம் தானாகவே நல்லவர்களாக இருப்போம் என்று நான் நம்பவில்லை. தெருமுனையில் நின்று கத்திய அந்த ஊழியரும் முதல் தலைமுறைப் பட்டதாரிதான்.

அப்பாவின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். மருத்துவமனையில் சளியைச் சோதித்தபோது கிருமிக்கு மருந்து எதிர்ப்பு வரவில்லை என்று தெரிந்தது. அது எங்கள் நல்ல காலம். மறுபடியும் முதலிலிருந்து ஆறு மாதம். இடையில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எங்கள் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியர், கொரோனா வேலை தலைக்கு மேல் கிடந்தபோதும், வாரம் இரண்டு நாள் வாசலில் தள்ளி நின்று, “என்னண்ணே, இன்னிக்கு மாத்திரை உள்ள போச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார். ஜூலை கடைசியில் சிகிச்சை முடிந்தது. இடது நுரையீரலின் மேல்பாகம் சுருங்கியது சுருங்கியதுதான். குவாரிக்கு இனிப் போக முடியாது. ஒரு மாந்தோப்பில் காவல் இருக்கிறார்.

சென்ற ஆண்டு எதிர்வீட்டுக்காரருக்கு அதே நோய் வந்தது. அப்பா தினமும் காலையில் போய் அவர் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். மாத்திரை உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் தோப்புக்குக் கிளம்புவார். இதைக் கண்டு எனக்குப் பெருமை பொங்கியது. ஊரார் ஒருவருக்கொருவர் இப்படி இருந்துவிட்டால் ஊழியர்களே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். நான்காம் மாதத்தில் அந்த மனிதர், கண் மங்குகிறது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றார். “எனக்கும் தலை சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. போகப் போகச் சரியாயிடும்” என்று அப்பா தைரியம் சொல்லி மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பத்து நாள் கழித்துச் செவிலியர் வந்தார். விவரம் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் அவரைத் தன் ஸ்கூட்டியிலேயே ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். எத்தாம்புட்டால் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். மருத்துவர் அதை மட்டும் நிறுத்தினார். பார்வை மெல்லத் திரும்பியது. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டு, எந்த மாத்திரை என்ன செய்யும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்.